கணினிக்குள் ஒரு கணினி: லினக்ஸில் விண்டோஸ் குடியிருக்க வந்த கதை

லினக்ஸ் பற்றி எங்கட ஆக்களோட கதைக்கத் தொடங்கினால், கட்டற்ற மென்பொருள், பயனரின் சுதந்திரம் எண்டு நாங்கள் பெரிய சொற்களை இறக்கி முடிக்க முதலே எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு சின்னக் கேள்வி வரும்: "அதில பேஜ்மேக்கர் ஓடுமா?"

இந்தக் கேள்வியை நக்கலாக எடுக்கக்கூடாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதற்குப் பிறகு அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டு இன்டிசைனுக்குப் போய்விட்டது. லினக்ஸுக்கு ஒரு பேஜ்மேக்கர் ஒருநாளும் வரவில்லை. ஆனால் எங்கட அச்சகங்களில் தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் வடிவமைத்த சிறுசஞ்சிகைகள், பாடசாலை ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டுகள் எல்லாம் பெரும்பாலும் பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் சேர்ந்த கோப்புகளாகவே இருந்தன. ஒரு ஊரின் குடும்ப வரலாற்றை எழுத வெளிக்கிடுகிற வரலாற்று மாணவருக்குக் கல்வெட்டு எவ்வளவு பெரிய ஆதாரம் எண்டதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. அச்சடித்த பிரதிகள் இடம்பெயர்வுகளிலும் கறையானிலும் போய்விட்டன. சில இடங்களில் மிஞ்சியிருப்பது பழைய வன்தட்டில் கிடக்கிற அந்தக் கோப்பு மட்டும்தான்.

ஆக, ஒரு இயங்குதளத்துக்காக எழுதிய மென்பொருளை வேறொரு இயங்குதளத்தில் ஓடவைப்பது என்பது கொம்பியூட்டர் பெடியளின் விளையாட்டு மட்டும் இல்லை. அதற்கு அறுபது வருட வரலாறு இருக்கிறது. லினக்ஸும் விண்டோஸும் பிறக்க முதலே அது தொடங்கிவிட்டது.

1964 ஏப்ரல் 7ஆம் திகதி ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியதில் இருந்து பெரியது வரை எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கட்டளைத் தொகுதி. ஒன்றில் எழுதின நிரல் மற்றதிலும் ஓடும். வணிகத்தில் இது பெரிய வெற்றி. ஆனால் பல்கலைக்கழகங்களில் அப்போது வேறு ஒரு பசி இருந்தது. ஒரு கணினியைப் பலபேர் ஒரே நேரத்தில், ஒவ்வொருவரும் தனக்குத்தான் அது சொந்தம் போலப் பாவிக்கவேண்டும் என்பது அந்தப் பசி. நேரப்பகிர்வு என்று சொல்வார்கள். அந்த ஆராய்ச்சியின் தலைமையிடம் அமெரிக்காவின் எம்ஐரி. அங்கே மல்ரிக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கட்டுவதற்கு ஐபிஎம்மின் கணினி வேண்டாம் என்று ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கணினியை எடுத்தார்கள். ஐபிஎம்முக்கு அது பெரிய அடி.

அதே 1964இல் மசசூசெற்ஸ் கேம்பிரிட்ஜில், எம்ஐரிக்குப் பக்கத்திலேயே, ஐபிஎம் ஒரு விஞ்ஞான நிலையத்தைத் திறந்திருந்தது. அதை நடத்தினவர் நோர்மன் ரஸ்முசென். எம்ஐரியின் நேரப்பகிர்வு வேலைகளில் இருந்து வந்த ரொபேர்ட் கிறீசியும், லெஸ் கொமோ முதலான சிலரும் அங்கே ஒரு சிறிய குழுவாக உட்கார்ந்து யோசித்தார்கள். ஒரு பெரிய இயங்குதளத்துக்குள் பல பயனர்களை அடைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழுக் கணினியையே பொய்யாக உண்டாக்கிக் கொடுத்தால் என்ன? சிபி-40 என்ற அந்த நிரல், மாற்றியமைத்த ஒரு மொடல் 40 கணினியில் 1967 ஜனவரியில் வேலைக்கு வந்தது. ஒரே இரும்புப்பெட்டிக்குள் 14 கணினிகள் வரை இருப்பது போலக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். அதற்குள்ளே ஓடுகிற இயங்குதளத்துக்குத் தான் பொய்க் கணினியில் இருக்கிறேன் என்று தெரியாது.

அக்காலத்தில் இயங்குதளத்தின் மையப்பகுதியை 'சூப்பர்வைசர்' என்று அழைத்தார்கள். அதற்கும் மேலே நின்று பல சூப்பர்வைசர்களை மேய்க்கிறதற்கு 'ஹைப்பர்வைசர்' என்று பெயர் வந்தது. அதிகாரிக்கு மேலே ஒரு பெரிய அதிகாரி. எங்கட நாட்டில் இதை விளங்கப்படுத்த உதாரணம் தேடத் தேவையில்லை!

இந்தக் கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. மொடல் 67 கணினிக்கு ஐபிஎம் அதிகாரபூர்வமாக உருவாக்கிய நேரப்பகிர்வு இயங்குதளம் ரிஎஸ்எஸ். பெரிய ஆளணி, பெரிய செலவு, பெரிய தாமதம். அதே கணினிக்குக் கேம்பிரிட்ஜில் இருந்த ஒரு கைப்பிடி ஆட்கள் சிபி-67 என்று ஒன்றைச் செய்துவிட்டார்கள். நிறுவனம் அதைத் தன் பிள்ளையாக ஏற்கவில்லை. ஆதரவு எதுவும் தரமாட்டோம் என்ற நிபந்தனையோடு, மூல நிரலுடன் வாடிக்கையாளர்களுக்கு விட்டது. அவர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள், திருத்தினார்கள், திருத்தியதை மற்றவர்களோடு பகிர்ந்தார்கள். 'திறந்த மூலம்' என்ற சொல்லே இல்லாத காலம் அது. ரிஎஸ்எஸ் மெல்ல மெல்லச் செத்துப்போக, வேண்டாப் பிள்ளை 1972 ஓகஸ்ட் 2ஆம் திகதி விஎம்/370 என்ற பெயரில் அதிகாரபூர்வத் தயாரிப்பாக வெளிவந்தது.

வாங்கினவர்கள் அதை எதற்குப் பாவித்தார்கள் என்று பார்த்தால், எங்கட பேஜ்மேக்கர் கேள்வி ஐம்பது வருடம் பழையது என்று விளங்கும். ஐபிஎம்மின் பழைய இயங்குதளத்தில் இருந்து புதியதுக்கு மாறவேண்டிய நிறுவனங்கள், பழையதை ஒரு மெய்நிகர் இயந்திரத்திலும் புதியதை இன்னொன்றிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஆறுதலாக மாறிக்கொண்டன. சம்பளப் பட்டியல் போடுகிற பழைய நிரலைத் திரும்ப எழுதுவதற்குக் காசும் ஆளும் இல்லாவிட்டால் அதுக்கென்று ஒரு பொய்க் கணினி. இண்டைக்கும் அதே காரணம்தான்.

1974இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் பொபெக்கும், ரொபேர்ட் கோல்ட்பேர்க் என்பவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சில பக்கங்கள்தான். எப்படிப்பட்ட கணினியில் மெய்நிகர் இயந்திரம் ஒழுங்காகச் சாத்தியம் என்பதற்கு அதில் ஒரு தேற்றத்தையே எழுதிவைத்தார்கள். உள்ளே ஓடுகிற நிரலுக்கு உண்மைக் கணினியில் ஓடுவது போலவே இருக்கவேண்டும்; பெரும்பாலான கட்டளைகள் இடையூறில்லாமல் நேரடியாகப் புரொசசரிலேயே ஓடவேண்டும்; வளங்களின் கட்டுப்பாடு முழுக்க ஹைப்பர்வைசரிடம் இருக்கவேண்டும். இதெல்லாம் நடக்கவேண்டுமென்றால், கணினியின் நிலையைத் தொடுகிற ஒவ்வொரு 'ஆபத்தான' கட்டளையும், அதிகாரம் இல்லாத நிரல் ஒன்று அதைக் கேட்டவுடனே, நின்று மேலே முறைப்பாடு செய்யவேண்டும். அப்போதுதான் ஹைப்பர்வைசர் தலையிட்டு, அந்தக் கட்டளையின் விளைவைப் பொய்யாகச் செய்துகாட்ட முடியும்.

ஐபிஎம்மின் பெரிய கணினிகளில் இது சரிவந்தது. எங்கட மேசைகளில் இருக்கிற கணினிகளின் மூதாதையான இன்டெல் 8086 வந்தது 1978இல். அதைச் செய்தவர்களுக்கு இந்தக் கட்டுரை ஒரு பொருட்டே இல்லை. 1985இல் வந்த 80386 புரொசசரில் பாதி வழி வந்தார்கள்: பழைய 8086ஐ மட்டும் மெய்நிகராகக் காட்டும் ஒரு வசதி இருந்தது. அதை வைத்து டொஸ் நிரல்களைப் பெட்டி பெட்டியாக ஓட்டலாம். 386ஐத் தானே மெய்நிகராக்க முடியாது. இந்தக் குறையின் அளவை 2000ஆம் ஆண்டில் ஜோன் ரொபின், சிந்தியா ஏர்வின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். பென்ரியம் புரொசசரில் பொபெக்கின் நிபந்தனையை மீறுகிற கட்டளைகள் 17 இருந்தன.

அதில் பிரபலமானது 'பொப்எஃப்' என்ற கட்டளை. இயங்குதளம் இந்தக் கட்டளை மூலம் இடையீடுகளை நிறுத்தவோ விடவோ சொல்லும். அதிகாரம் இல்லாத நிலையில் இதைச் சொன்னால் புரொசசர் முறைப்பாடும் செய்யாது, சொன்னதையும் செய்யாது. வகுப்பில் ஆசிரியர் சொன்னவுடனே "ஓம் சேர்" எண்டு தலையாட்டிப்போட்டு ஒண்டும் செய்யாமல் இருக்கிற பெடியன் மாதிரி. எதிர்த்துக் கதைக்கிற பெடியனைச் சமாளிக்கலாம், இவனைச் சமாளிக்க முடியாது.

இனி லினக்ஸுக்கு வருவம். 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், சும்மா ஒரு பொழுதுபோக்காக 386க்கு ஒரு இயங்குதளம் செய்கிறேன் என்று அறிவித்தார். அந்த நேரம் விண்டோஸ் உலகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. லினக்ஸைப் போட்டவர்களுக்கு முதல் நாளே நிரல் இல்லாத பஞ்சம். அதற்கு மூன்று விதமான பதில்கள் வந்தன. இலக்கியம் படிக்கிற ஆக்களுக்கு இவற்றை மொழிபெயர்ப்பை வைத்துச் சொன்னால் கெதியாக விளங்கும்.

முதலாவது வைன். 1993இல் பொப் அம்ஸ்ராட் தொடங்கினார், 1994இல் இருந்து அலெக்சாந்தர் ஜூலியார் பொறுப்பெடுத்து இண்டுவரைக்கும் நடத்துகிறார். வைனுக்குள் விண்டோஸே கிடையாது. ஒரு விண்டோஸ் நிரல் "எனக்கொரு சாளரம் திற" என்று விண்டோஸிடம் கேட்பதை வைன் இடையில் மறித்து, லினக்ஸுக்கு விளங்குகிற மொழியில் மாற்றிச் சொல்லும். அதாவது பக்கத்தில் நிற்கிற துபாஷி. பிரச்சினை என்னெண்டா, விண்டோஸின் மொழிக்கு முழுமையான அகராதி வெளியில் இல்லை. மைக்ரோசொஃப்ட் எழுதிவைக்காத வழக்குகளும், பிழை என்று தெரிந்தே நிரலாளர்கள் நம்பியிருந்த பிழைகளும் ஏராளம். அதையெல்லாம் வெளியில் நின்று ஒவ்வொன்றாய்ப் பழகவேண்டியிருந்தது. வைன் 1.0 வந்தது 2008 ஜூன் மாதம். பதினைந்து வருடம்! இடையில், வைனை நம்பி விண்டோஸ் நிரல்களை ஓட்டும் லினக்ஸ் ஒன்றை விற்கவந்த லின்டோஸ் நிறுவனத்தின் மீது மைக்ரோசொஃப்ட் பெயருக்காக வழக்குப் போட்டு, கடைசியில் 2004இல் ஏறத்தாழ 20 மில்லியன் டொலரைத் தானே கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. 'விண்டோஸ்' என்பது ஒரு பொதுச்சொல் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அதற்குக் காரணம் என்று நாங்கள் நினைக்கிறம்.

இரண்டாவது பொக்ஸ் போன்ற போலிப்பிகள். கெவின் லோட்டன் 1994இல் வெளிவிட்ட இந்த நிரல் முழுப் புரொசசரையும் மென்பொருளால் நடித்துக்காட்டும். ஒவ்வொரு கட்டளையாக வாசித்து, இதன் விளைவு என்ன என்று கணித்துச் செய்யும். எந்தக் கணினியிலும் ஓடும், சரியாகவும் ஓடும். ஒரு நாவலை ஒவ்வொரு சொல்லாக அகராதி பார்த்து வாசிக்கிற வேகத்தில் ஓடும்.

மூன்றாவதில் பழைய ஆள் ஒருவர் திரும்ப வருகிறார். 1974இல் தேற்றம் எழுதின பொபெக், 1982இல் நண்பர்களோடு லோகஸ் என்றொரு நிறுவனம் தொடங்கியிருந்தார். அந்த நிறுவனம் யுனிக்ஸுக்குள் டொஸ்ஸை ஓட்டுகிற 'மேர்ஜ்' என்ற மென்பொருளைச் செய்தது. கைமாறிக் கைமாறி, மேர்ஜின் வாரிசு 2000ஆம் ஆண்டில் 'வின்ஃபோர்லின்' என்ற பெயரில் லினக்ஸுக்கு வந்தது. விண்டோஸ் 95, 98 இரண்டும் அதில் நல்ல வேகமாக ஓடின. ஆனால் லினக்ஸின் கேர்னலைத் திருத்தவேண்டும், விண்டோஸையும் கொஞ்சம் வளைக்கவேண்டும். என்ரி, எக்ஸ்பி ரகத்துக்கு அந்த வழி கிடையாது. கோட்பாட்டை எழுதின மனிசனே, அது பொருந்தாத புரொசசரில் குறுக்குவழி தேடவேண்டி வந்தது வேடிக்கைதான்.

பூட்டை உடைத்தவர்கள் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தார்கள். மென்டல் ரோசன்பிளம் என்ற பேராசிரியரும் அவரது மாணவர்கள் எடுவார்ட் புஞ்ஞோன், ஸ்கொட் டிவைனும் 1997இல் 'டிஸ்கோ' என்றொரு ஆய்வை வெளியிட்டார்கள். ஐபிஎம்மோடு பழசாகிப் போனது என்று எல்லோரும் நினைத்த மெய்நிகர் இயந்திரத்தைத் தூசுதட்டி எடுத்த ஆய்வு அது. அடுத்த வருடம் டயான் கிறீன், எட்வேர்ட் வாங் ஆகியோரும் சேர, விஎம்வெயார் என்ற நிறுவனம் பிறந்தது. 1999 மே மாதம் விஎம்வெயார் வேர்க்ஸ்ரேஷன் வெளிவந்தது. லினக்ஸ் மேசையில் ஒரு சாளரம். அதைத் திறந்தால் ஒரு கணினி பயோஸில் இருந்து நினைவகத்தை எண்ணிக்கொண்டு எழும்பும். அதற்குள் விண்டோஸ், எந்தத் திருத்தமும் இல்லாமல்.

எப்படி? தலையாட்டிப் பெடியனுக்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம், அவனிடம் கேள்வி போகவிடாமலே தடுப்பது. உள்ளே இருக்கிற விண்டோஸின் கேர்னல் நிரலை, ஓடுவதற்குச் சற்று முன்னர், துண்டு துண்டாக வாசித்து, அந்த 17 போன்ற வில்லங்கமான கட்டளைகள் வருமிடத்தில் பாதுகாப்பான வேறு கட்டளைகளை மாற்றிவைத்து, அந்தத் திருத்திய பிரதியை ஓடவிடுவார்கள். வேர்ட், பேஜ்மேக்கர் மாதிரியான சாதாரண நிரல்களைத் தொடத் தேவையில்லை. அவை நேரடியாகப் புரொசசரில் முழுவேகத்தில் ஓடும். ஒருமுறை மாற்றிய துண்டைச் சேமித்துவைத்து அடுத்தமுறை அப்படியே பாவிப்பார்கள்.

இன்னொரு கெட்டித்தனத்தை ஆக்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. உலகத்தில் உள்ள பிசிகளுக்குள் ஆயிரம் விதமான காட்கள், வன்தட்டுகள், சிப்புகள். எல்லாத்துக்கும் ஒரு சின்ன நிறுவனத்தால் டிரைவர் எழுத முடியாது. அவர்கள் அந்த வேலையை லினக்ஸின் தலையில் கட்டினார்கள். வெளியே என்ன காட் இருந்தாலும் லினக்ஸ் பார்த்துக்கொள்ளும். உள்ளே விண்டோஸுக்குக் காட்டுவது எப்பவும் ஒரே பழைய ஏஎம்டி வலையமைப்பு காட். புதுக் கணினிக்கு மாறினாலும் உள்ளே இருக்கிறவருக்கு ஊர் மாறியது தெரியாது. பழைய கோப்புகளோடு மாரடிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதைக் கொஞ்சத்தில் சொல்லுறம்.

செலவும் இருந்தது. 64, 128 மெகாபைட் நினைவகம் வழக்கமாக இருந்த காலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு இயங்குதளங்களை ஊட்டுவது லேசில்லை. விஎம்வெயார் மூடிய மூலம், காசுக்கு விற்கிற பொருள். கட்டற்ற லினக்ஸில், காசுக்கு வாங்கின ஹைப்பர்வைசருக்குள், காசுக்கு வாங்கின விண்டோஸ். கொள்கைவாதிகளுக்கு இது தொண்டையில் முள்.

அடுத்த சில வருடங்கள் கட்டற்ற மாற்றுக்கான தேடல். பிரான்ஸைச் சேர்ந்த ஃபப்ரிஸ் பெலார்ட் 2003இல் கியூஎமு என்ற வேகமான போலிப்பியைத் தந்தார். அதே வருடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்து சென் வந்தது. சென்னின் வழி உள்ளே ஓடும் இயங்குதளத்தையே திருத்தி, "நீ பொய்க் கணினியில்தான் இருக்கிறாய், அதற்கேற்றபடி நட" என்று சொல்வது. லினக்ஸை அப்படித் திருத்தலாம். விண்டோஸின் மூல நிரல் மைக்ரோசொஃப்டின் பெட்டகத்துக்குள் இருக்கிறது, ஆர் திருத்துறது?

கடைசியில் புரொசசர் செய்தவர்களே இறங்கிவந்தார்கள். 2005 நவம்பரில் இன்டெலும் 2006 மே மாதத்தில் ஏஎம்டியும் மெய்நிகராக்கத்துக்கான வசதியைச் சிப்புக்குள்ளேயே வைத்தார்கள். பொபெக்கும் கோல்ட்பேர்க்கும் எழுதி 31 வருடம் கழித்து. முதல் தலைமுறைச் சிப்புகள் விஎம்வெயாரின் மென்பொருள் தந்திரத்தை விடப் பல வேலைகளில் மெதுவாக இருந்தன என்று விஎம்வெயார் பொறியியலாளர்களே 2006இல் ஒரு கட்டுரை போட்டார்கள். அதில் கொஞ்சம் கர்வம் தெரியும். ஆனால் கதவு திறந்துவிட்டது. இஸ்ரேலின் கும்ரநெற் என்ற சிறு நிறுவனத்தில் அவி கிவிட்டி எழுதிய கேவிஎம், 2006 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்டு, 2007 பெப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 கேர்னலிலேயே சேர்ந்துவிட்டது. புதிதாக ஒரு ஹைப்பர்வைசரை அடியிலிருந்து கட்டாமல், லினக்ஸையே ஹைப்பர்வைசர் ஆக்கிவிட்டார் அவர். மெய்நிகர் இயந்திரம் ஒவ்வொன்றும் லினக்ஸுக்கு இன்னொரு சாதாரண நிரல் மாதிரி. காட்களையும் வன்தட்டையும் நடித்துக்காட்டுகிற வேலையைக் கியூஎமு எடுத்துக்கொண்டது. 2008இல் ரெட்ஹற் நிறுவனம் கும்ரநெற்றை 107 மில்லியன் டொலருக்கு வாங்கியது.

எங்களைப் போன்ற ஆக்களுக்கு அறிமுகமானது வேறொன்று: வேர்ச்சுவல்பொக்ஸ். ஜேர்மனியின் இன்னொரெக் நிறுவனம் அதன் திறந்த மூலப் பதிப்பை 2007 ஜனவரியில் வெளியிட்டது. 2008இல் சன் வாங்கியது, 2010இல் சன்னை ஒரக்கிள் வாங்கியது. காசில்லை, பொத்தானை அமத்தினால் ஓடும். விண்டோஸின் சாளரங்களை மட்டும் லினக்ஸ் மேசையில் தனித்தனியாக மிதக்கவிடுகிற வசதியும் உண்டு. முதன்முறை பார்க்கிறவர் லினக்ஸிலேயே வேர்ட் ஓடுது எண்டு நம்பிவிடுவார்.

தொழில்நுட்பக் கதவு திறந்தபோது சட்டக் கதவு மூடியிருந்தது. 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவின் மலிவான ஹோம் பதிப்புகளை மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவக்கூடாது என்று உரிம ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது மைக்ரோசொஃப்ட். காசு கொடுத்து வாங்கின பொருளை எந்த மேசையில் வைக்கலாம் என்று விற்றவர் சொல்கிறார். எதிர்ப்பு வந்து, ஒரு வருடத்தில் அந்தத் தடையை எடுத்தார்கள். அடுத்த வருடமே, 2009இல், விண்டோஸ் 7உடன் 'எக்ஸ்பி மோட்' என்று தாங்களே ஒன்றைக் கொடுத்தார்கள். விண்டோஸ் 7இல் ஓடாத பழைய நிரல்களுக்காக, விண்டோஸ் 7க்குள் ஒரு மெய்நிகர் இயந்திரம், அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி. 1972 விஎம்/370 வாடிக்கையாளர் யாராவது அதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

எங்கட நாட்டில் இந்த உரிமக் கதை கனபேருக்கு உறைக்காது. காரணம் எல்லாருக்கும் தெரியும். விண்டோஸ் என்பது கணினி வாங்கும்போது கடைக்காரர் போட்டுத் தருகிற ஒன்று. அதுக்கென்று ஒரு விலை இருக்கிறது என்பதே பலருக்குச் செய்தி. லினக்ஸ் இங்கே பரவாமல் போனதற்கு அதன் கடினத்தைவிட, கொப்பி விண்டோஸின் இலகுதான் பெரிய காரணம் என்பது எங்கட அபிப்பிராயம். இலவசமான ஒன்றோடு இலவசமான இன்னொன்று போட்டிபோட முடியாது. மெய்நிகர் இயந்திரமும் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடாது. உள்ளே போடுகிற விண்டோஸுக்கும் ஒரு உரிமம் வேணும், லப்டொப்போடு வந்த உரிமம் பெரும்பாலும் அந்த லப்டொப்புக்கு மட்டும்தான் செல்லும்.

சரி, பேஜ்மேக்கர். கோப்புகளோடு நாங்கள் செய்து பார்த்த வழியைச் சொல்லுறம். லினக்ஸில் வேர்ச்சுவல்பொக்ஸ், அதற்குள் ஒரு பழைய உரிமத்தோடு எக்ஸ்பி, அதில் பேஜ்மேக்கர் 7, பாமினி எழுத்துரு. மைக்ரோசொஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் திகதி நிறுத்திவிட்டது. பிறகு கண்டுபிடித்த ஓட்டைகள் பெரும்பாலும் ஓட்டைகளாகவே கிடக்கின்றன. அதால அந்த இயந்திரத்துக்கு இணையம் கிடையாது. லினக்ஸோடு பகிர்ந்த ஒரு கோப்புறை மட்டும். அச்சகக் கணினிகளின் கோப்புகளோடு வைரஸ்களும் கூடவே வரும். அப்படி ஒன்று வந்து உள்ளே எல்லாத்தையும் கெடுத்தாலும், முதலே எடுத்துவைத்த நிலைப்பிரதிக்கு ஒரு நொடியில் திரும்பலாம். உண்மைக் கணினியில் இந்தச் சொகுசு கிடையாது.

கேட்பார்கள் எண்டு தெரியும்: லிப்ரேஒஃபிஸ் 2015இல் இருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்குமே? திறக்கும். எழுத்து வரும். பக்கங்களின் வடிவம் எல்லா நேரமும் வராது. ஒரு கல்வெட்டில் எந்தப் படத்துக்குக் கீழே எந்தப் பெயர் இருந்தது என்பதுதான் ஆதாரம். அது இடம் மாறினால் பேரன் பாட்டன் ஆகிவிடுவார். பாமினி எழுத்துருவை லினக்ஸிலும் போடலாம், அது பிரச்சினை இல்லை. பக்கத்தை அது வடிவமைத்த மென்பொருளிலேயே திறந்து பிடிஎஃப் ஆக எடுக்கவேண்டும் என்பதுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அதற்குப் பிறகுதான் எழுத்து. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. எழுத்துருவை எடுத்துவிட்டால் 'அம்மா' ஒரு அரைப்புள்ளி விழுந்த ஆங்கிலக் குப்பையாக நிற்கும், ஏனெண்டா மெய்யெழுத்தின் குத்து அரைப்புள்ளியின் இடத்தில் இருக்கிறது. யுனிகோட்டுக்கு மாற்றும்போது இன்னொரு சில்லெடுப்பு: பாமினியில் 'கெ'யின் கொம்பு, தட்டச்சில் அடிக்கிற மாதிரி முதலில் வரும், யுனிகோட்டில் முதலில் 'க', பிறகு கொம்பு. மாற்றி இந்த ஒழுங்கைத் திருப்பாவிட்டால் தேடுபொறிக்கு அந்தச் சொல் கிடைக்காது. இந்த வேலைக்கு விண்டோஸ் தேவையில்லை, வெளியே லினக்ஸிலேயே செய்யலாம். ஒரு கோப்பு வெளியே வந்துவிட்டால் அது பிறகு எந்த நிறுவனத்தின் தயவிலும் இல்லை. நூலகம் நிறுவனம் போன்றவை 2005இல் இருந்து அச்சுப் பிரதிகளை வருடி வலையில் ஏற்றுகிற வேலைக்குப் பக்கத்தில், எங்கட ஊர் அச்சகங்களின் வன்தட்டுகளை ஒருக்கால் தட்டிப்பார்க்கிற வேலையும் நடக்கவேணும் எண்டு நாங்கள் நினைக்கிறம். வன்தட்டுகளுக்கும் ஆயுள் கட்டை.

மெய்நிகர் இயந்திரத்தால் எல்லாம் முடியும் என்றும் இல்லை. விளையாட்டுகளுக்கு அது சரிவருவதில்லை. கிராபிக்ஸ் காட்டை அப்படியே உள்ளே ஒப்படைக்கிற வழி 2012இல் கேர்னலுக்குள் வந்த விஎஃப்ஐஓ மூலம் இலகுவானது, ஆனால் அது தலைவேதனை பிடித்த வேலை. 2018இல் வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாக வைத்துப் புரொட்டோனை வெளியிட்ட பிறகு விளையாட்டுக்காரர் துபாஷியிடமே திரும்பிப் போய்விட்டார்கள். பதினைந்து வருடப் பொறுமைக்கு வைன்காரருக்குக் கிடைத்த பலன்.

2001இல் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டவர் மைக்ரோசொஃப்டின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர். அதே மைக்ரோசொஃப்ட் 2016இல் விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்டும் வசதி ஒன்றைக் கொண்டுவந்தது. முதல் பதிப்பு வைனைத் தலைகீழாகப் போட்டது போல, லினக்ஸ் கேட்பதை விண்டோஸுக்கு மாற்றிச் சொல்லும் துபாஷி. அது எல்லா நிரல்களுக்கும் சரிவரவில்லை. 2019இல் அறிவித்த இரண்டாவது பதிப்பில் துபாஷியை அனுப்பிவிட்டு, ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் உண்மையான லினக்ஸ் கேர்னலையே வைத்தார்கள். விஎம்வெயாரின் கதையோ வேறு மாதிரி: 2022இல் புரோட்கொம் நிறுவனம் 61 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்து, 2023 நவம்பரில் வாங்கி முடித்தது. 2024இல் இருந்து வேர்க்ஸ்ரேஷன் இலவசம்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 நிறுவுவதற்குக் கணினியில் ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கவேண்டும் என்பது மைக்ரோசொஃப்டின் நிபந்தனை. வன்பொருளின் நம்பகத்தன்மைக்கு அத்தாட்சி கொடுக்கிற சிப் அது. கேவிஎம்மில் இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களுக்கு அந்தச் சிப்பை மென்பொருளால் செய்து கொடுக்கலாம், 2022 ஒக்ரோபரில் வந்த வேர்ச்சுவல்பொக்ஸ் 7.0இலும் ஒரு பெட்டியில் சரி போட்டால் போதும். விண்டோஸ் 11 எழும்பி, ரிபிஎம் இருக்கிறதா என்று கேட்கும். இருக்கிறேன் என்று லினக்ஸில் ஓடுகிற ஒரு நிரல் பதில் சொல்லும். விண்டோஸ் தன்னை நிறுவத் தொடங்கும்.